களையும் அதுவே, மருந்தும் அதுவே: ஆக்கிரமிப்புச் செடியை மூலிகையாகப் பறிக்கும் முன்

ஜப்பானிய நாட்வீட் என்ற செடியை இயற்கை வெளியில் நடுவதோ பரவ விடுவதோ பிரிட்டனில் 1981 முதல் சட்டப்படி குற்றம். அதே செடியின் வேர்ப்பகுதி, சீன அரசின் மருந்து நூலில் 'ஹூ ஜாங்' என்ற பெயரில் இருக்கிறது. கஷாயத்துக்கு நாளொன்றுக்கு 9 முதல் 15 கிராம் என்று அளவும் குறித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மரம், கம்பம், கைவிட்ட வீடு எல்லாவற்றையும் மூடிப் படரும் குட்ஸு கொடியும் அப்படித்தான். அதன் கிழங்குக்கு அதே நூலில் 'கெ கென்' என்று பெயர். அளவு 10 முதல் 15 கிராம்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: பறித்து மருந்தாக்கினால் களையும் ஒழியும், மருந்தும் சும்மா கிடைக்கும். இதில் பாதி சரி. எந்தப் பாதி என்பது, செடியின் எந்த உறுப்பை எடுக்கிறோம், எந்தப் பருவத்தில் எடுக்கிறோம், எந்த மண்ணிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அயல் செடி, நிலைத்த செடி, ஆக்கிரமிப்புச் செடி

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். வேறு நிலத்திலிருந்து மனிதர் மூலம் வந்தது அயல் செடி. யாரும் நடாமலே, தண்ணீர் ஊற்றாமலே தலைமுறை தலைமுறையாக முளைக்கத் தொடங்கிவிட்டால் அது நிலைத்த செடி. அந்த நிலத்தின் இயல்பான செடிகளை ஒதுக்கித் தள்ளி, மண்ணையும் நீரையும் மேய்ச்சலையும் மாற்றுகிற அளவுக்குப் பரவினால்தான் ஆக்கிரமிப்புச் செடி. மார்க் வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் சூழலியலாளர் 1990-களில் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்: கொண்டுவரப்படும் உயிரினங்களில் பத்தில் ஒன்று வெளியில் தப்புகிறது, தப்பியதில் பத்தில் ஒன்று நிலைக்கிறது, நிலைத்ததில் பத்தில் ஒன்று தொல்லையாகிறது. துல்லியமான விதி அல்ல. ஆனால் 'அயல்' என்றாலே 'தீயது' என்று முடிவு கட்டுபவர்களுக்கு நல்ல மறுமொழி.

வெட்டுக்காயப் பூண்டு இதற்கு நல்ல உதாரணம். பெயரே தமிழ், பலர் அதை மண்ணின் மூலிகை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் முதலில் அதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டன. ஓரிரு நூற்றாண்டுகளில் ஒரு செடி புதிய பெயரையும் புதிய வைத்தியத்தையும் பெற்றுவிட முடியும்.

ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. செடி கப்பல் ஏறும்போது அதைப் பற்றிய அனுபவம் கூடவே ஏறுவதில்லை. எந்த மாதத்தில் பறிப்பது, எதை விலக்குவது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் பழைய ஊரிலேயே தங்கிவிடும். சில நேரம் செடியே வேறாகிவிடும். பார்த்தீனியத்தின் தென்னமெரிக்க வகையில் முக்கிய வேதிப்பொருள் ஹைமெனின். இந்தியாவில் பரவிய வகையில் அது பார்த்தெனின். உண்ணிச்செடி இன்னும் சிக்கலானது. இன்று காடுகளில் மண்டிக் கிடப்பது பெரும்பாலும் தோட்டத்துக்காகக் கலப்பு செய்த வகைகளின் வாரிசு. நச்சு அளவு வகைக்கு வகை மாறும். ஆகவே 'அதன் தாயகத்தில் பாரம்பரியமாகக் குடிக்கிறார்கள்' என்பது உங்கள் வேலியோரச் செடிக்குத் தரச்சான்று ஆகாது.

இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன

செடிக்கு ஓடத் தெரியாது. பூச்சியையும் பூஞ்சையையும் பக்கத்துச் செடியையும் அது வேதிப்பொருளால்தான் சமாளிக்கிறது. தாய்நிலத்தில் அந்த வேதிப்பொருளைத் தாங்கப் பழகிய பூச்சிகள் இருக்கும், பழகிய அண்டைச் செடிகளும் இருக்கும். புது நிலத்தில் இவை இரண்டுமே இல்லை. பழைய எதிரி தொலைந்தான். புதிய அண்டைக்கோ இந்த ஆயுதம் பழக்கமில்லை. ஆக்கிரமிப்பை விளக்க முன்வைக்கப்படும் கருதுகோள்களில் முக்கியமான இரண்டு இவைதான். 

மருந்தாகப் பயன்படுவதும் பெரும்பாலும் அதே வேதிப்பொருள் கூட்டம்தான். பெருமரத்துக்கு உறவான அய்லாந்தஸ் அல்டிசிமா என்ற மரம் வேரிலிருந்தும் பட்டையிலிருந்தும் அய்லாந்தோன் என்ற பொருளைக் கசியவிட்டுச் சுற்றிலும் விதை முளைப்பதைத் தடுக்கிறது. அதன் பட்டை சீன மருத்துவத்தில் கழிச்சலுக்குத் தரப்படுகிறது. ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம், அதாவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மனச்சோர்வுக்காக உலகெங்கும் விற்பனையாகும் மூலிகை. 1940-களில் அது கலிபோர்னியாவின் மேய்ச்சல் நிலத்தில் 20 லட்சம் ஏக்கரைப் பிடித்திருந்தது. அதைத் தின்ற கால்நடைகளுக்கு, செடியில் உள்ள ஹைபெரிசின் என்ற பொருள் காரணமாக வெயில் பட்ட தோல் வெந்து புண்ணானது. கடைசியில் அதை அடக்கியது மண்வெட்டி அல்ல; அந்தச் செடியை மட்டுமே தின்னும் ஒரு சிறு வண்டு. 1945-46 வாக்கில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆயுதம், மருந்து, நஞ்சு மூன்றும் ஒரே பொருளாக இருக்கும்போது, 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

பறித்தால் குறையுமா, பெருகுமா

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மருந்துக்கு வேண்டிய உறுப்பும் செடி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் உறுப்பும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

குட்ஸு: மருந்து கிழங்கில் இருக்கிறது. ஆனால் கொடி துளிர்ப்பது கிழங்கின் அடியிலிருந்து அல்ல. தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்மட்டத்திலோ சில அங்குலம் கீழேயோ இருக்கும் முடிச்சிலிருந்து. அந்த முடிச்சை வெட்டி எடுத்துவிட்டால் கீழே விட்ட வேர் மறுபடி தழைக்காது. கிழங்கு தோண்டுபவர் முடிச்சையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கொடி முடிந்தது. மருந்து எடுப்பும் களை ஒழிப்பும் ஒன்றாகப் பொருந்தும் அரிய இடம் இது. இரண்டு எச்சரிக்கை உண்டு. தரையில் படரும் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் புது முடிச்சு போடும். அவற்றையும் தேடி எடுக்க வேண்டும். வெட்டிய முடிச்சை ஈர மண்ணில் போட்டுவிட்டு வந்தால் அது அங்கேயே பிழைத்துக்கொள்ளும். முதிர்ந்த கிழங்கு மனித எடையையும் தாண்டும். தனியாள் தோண்டுவதற்கு இளங்கொடிகள்தான் தோது.

நாட்வீட்: கதை நேர் எதிர். மருந்து இருப்பது மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டுக்கிழங்கில்; செடி பரவுவதும் அதாலேயே. வெறும் 0.7 கிராம் துண்டு, அதாவது சுண்டுவிரல் நகமளவு, புதுச் செடியாக வளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் பரவிக் கிடப்பது ஏறத்தாழ முழுவதும் ஒரே பெண் செடியின் நகல் என்று மரபணு ஆய்வு காட்டியது. விதையால் அல்ல, துண்டுகளாலேயே ஒரு நாட்டை நிரப்பியிருக்கிறது. மண்வெட்டியால் கொத்தினால் ஒரு செடி இருந்த இடத்தில் முப்பது துண்டு கிடக்கும். அவற்றில் சில உங்கள் காலணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்கரைக்கும் போகும். வேர் வேண்டுமென்று நாட்வீட்டைத் தோண்டுவது களை ஒழிப்பு அல்ல, நடவு.

அய்லாந்தஸ்: பட்டை வேண்டுமென்று உரிப்பதும் மரத்தை வெட்டுவதும் ஒன்றுதான். மேலே அடிபட்டதும் வேர் விழித்துக்கொண்டு, அடிமரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிகூடக் கன்றுகளை எழுப்பும். ஒரு மரம் தோப்பாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இதைத் தன் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்தது; பட்டியலில் உள்ளதை விற்கவோ வளர்க்கவோ இடம் விட்டு இடம் கொண்டுபோகவோ கூடாது.

ஹைபெரிகம்: மருந்து பூங்கொத்தில். பூக்கத் தொடங்கியதும் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டரை நறுக்கினால் அந்த ஆண்டின் விதை குறையும். வேர் பிழைத்திருப்பதால் செடி சாகாது. காய் பழுப்பாகிவிட்டபின் பறித்தால் பை நிறைய விதையைச் சுமந்துபோய் வழியெங்கும் தூவுகிறீர்கள்.

இலை மட்டும் கிள்ளப்படும் செடிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெட்டுக்காயப் பூண்டானாலும் குரோமோலேனா என்ற புதர்ச்செடி ஆனாலும் இலை பறித்தால் மறுபடி துளிர்க்கும். களையும் குறையாது, கூடவும் செய்யாது.

இன்னொரு சிக்கல் சந்தை. களைக்கு விலை கிடைத்ததும் அதை விட்டுவைக்கவும் நடவும் ஆள் வருவார்கள். குட்ஸு அமெரிக்காவுக்கு 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சி வழியாக அழகுக்கொடியாக வந்தது. 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்கவென்று அரசே ஏக்கருக்கு 8 டாலர் வரை கொடுத்து நடச்சொன்னது. 1953-இல் வேளாண்துறை அதைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது கொடி தோட்டம் தாண்டிப் போய்விட்டிருந்தது.

மண்ணில் என்ன இருக்கிறது

ஆக்கிரமிப்புச் செடி தழைக்கும் இடங்களைப் பாருங்கள்: ரயில் பாதையோரம், பழைய ஆலை வளாகம், சாக்கடை சேரும் ஏரி, நெடுஞ்சாலை ஓரம். வெங்காயத்தாமரை ஈயம், காட்மியம், ஆர்செனிக் போன்றவற்றை நீரிலிருந்து உறிஞ்சி வேரில் சேர்த்துவைக்கும். அதனாலேயே கழிவுநீரைச் சுத்திகரிக்க அதை வளர்க்கிறார்கள். அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் செடியை மருந்தாக அரைப்பது வடிகட்டியைத் தின்பது போல. கழுவினால் போகாது, உலோகம் செடியின் திசுவுக்குள் இருக்கிறது. கொதிக்கவைத்தாலும் அழியாது. உலக சுகாதார நிறுவனம் உலர்ந்த மூலிகைக்கு முன்மொழிந்த உச்சவரம்பு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். ஆய்வகச் சோதனை இல்லாமல் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழி இல்லை. சந்தேகமான இடத்தில் பறிக்காமல் இருப்பதே வழி.

களைக்கொல்லி இன்னும் நேரடியான ஆபத்து. இதில் ஒரு நுட்பம் உண்டு. வளர்பருவத்தின் கடைசியில் செடி இலையில் செய்த சர்க்கரையை வேருக்கு இறக்கும். வேர் மருந்து எடுப்பவர் அப்போது தோண்டுகிறார், சத்து கீழே இருப்பதால். களை ஒழிப்பவரும் அப்போதுதான் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார், சர்க்கரையோடு சேர்ந்து அதுவும் வேருக்கு இறங்கும் என்பதால். ஒரே வாரத்தில் இருவரும் ஒரே செடிக்கு வருகிறார்கள். தெளித்த சில நாள் வரை இலை பச்சையாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. நாட்வீட்டில் போன ஆண்டு தெளித்ததற்கு ஓர் அடையாளம் உண்டு: குட்டையாக, சிறு இலைகளோடு, போன்சாய் மாதிரி கொத்தாக முளைத்திருக்கும். நிலத்துக்கு உரியவரிடமோ பராமரிப்பவரிடமோ 'கடந்த இரண்டு பருவத்தில் ஏதாவது தெளித்தீர்களா, தண்டில் ஊசி போட்டீர்களா' என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பறிக்கும் முறை

அடையாளம் காண ஒரு குறி போதாது, குறைந்தது மூன்று வேண்டும். ஹைபெரிகத்தின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியது போல ஒளிபுகும் புள்ளிகள் தெரியும். மஞ்சள் மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புக் கறை. தண்டின் இருபுறமும் மெல்லிய விளிம்புக்கோடு. நாட்வீட்டின் தண்டு மூங்கில் போலக் கணுவும் பொள்ளலுமாக இருக்கும். இலையின் அடி நேராக வெட்டியது போலிருக்கும். தண்டுக்கிழங்கை ஒடித்தால் கேரட் போல முறியும், உள்ளே ஆரஞ்சு நிறம். குட்ஸுவுக்கு மூன்று சிற்றிலை. அமெரிக்காவில் தொட்டாலே கொப்புளம் கிளப்பும் பாய்சன் ஐவிக்கும் மூன்று சிற்றிலைதான். குட்ஸுவின் இளந்தண்டில் பொன்னிற மயிர் அடர்ந்திருக்கும். ஐவிக்கு அப்படி இருக்காது.

எந்த உறுப்பு என்பதில் தவறினால் உயிரே போகும். பிரம்மதண்டின் மேற்பகுதிக் கஷாயத்தைச் சிக்கலற்ற மலேரியாவுக்கு மாலி நாட்டில் முறையாக ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அதே செடியின் விதை கடுகுபோல இருக்கும். அதன் எண்ணெயில் சாங்குவினரின் என்ற நஞ்சு உண்டு. கடுகெண்ணெயில் அது 1 சதவீதம் கலந்தாலே கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் தளரும். 1998-இல் டெல்லியில் இப்படி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குரோமோலேனாவிலும் இதே பாடம்: வியட்நாமில் அதன் இலைச்சாற்றைப் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் போடுகிறார்கள், பூவிலும் வேரிலும் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வெளிப்பூச்சுக்கான செடியை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. உண்ணிச்செடி இலையைத் தின்ற மாடுகள் லாண்டடீன் நஞ்சால் ஈரல் கெட்டு, மஞ்சள் பாய்ந்து சாகின்றன. அந்த இலையைக் கஷாயமாக்கச் சொல்லும் எந்தக் குறிப்பையும் நம்ப வேண்டாம்.

பறிக்க உலர்ந்த நாளில், பனி காய்ந்தபின் போங்கள். ஈர இலை பூசணம் பிடிக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும்; பார்த்தீனியம் அருகே வளரும் இடமென்றால் முகமூடியும். பார்த்தீனியம், குரோமோலேனா, வெட்டுக்காயப் பூண்டு எல்லாமே சூரியகாந்திக் குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். புது இலைச்சாற்றை முதலில் முன்கையின் உட்புறம் ஒரு பொட்டளவு தடவி 72 மணி நேரம் காத்திருங்கள். இந்த வகை அரிப்பு உடனே வராது. மறுநாளோ மூன்றாம் நாளோதான் தலைகாட்டும். ஏற்கெனவே பார்த்தீனிய அரிப்பு உள்ளவர் இந்தச் சோதனையையே செய்ய வேண்டாம்.

இலையையும் பூவையும் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில், 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உலர்த்துங்கள். நாளுக்கு இரண்டு முறை கிளறிவிடுங்கள். வேரைக் கழுவி அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்க வேண்டும். முழுதாகக் காயவைத்தால் வெளியே காய்ந்தும் உள்ளே அழுகும். இலை கையில் நொறுங்க வேண்டும், வேர் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 100 கிராம் பச்சை இலை காய்ந்தால் 20 முதல் 25 கிராம் வரும். நூலில் சொன்ன அளவு உலர்ந்ததற்கா பச்சைக்கா என்று பார்க்காமல் போட்டால் அளவு நாலைந்து மடங்கு தவறும். தொடக்கத்தில் சொன்ன 9-15 கிராம் உலர்ந்த வேருக்கு. அதுவும் நோயாளியைப் பார்த்து வைத்தியர் முடிவு செய்யும் அளவு. தானாகக் குடிக்கும் அளவு அல்ல.

வெட்டுக்காயத்துக்கு இலை கசக்கிப் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் நிற்கலாம், ஆனால் தரையோரம் வளர்ந்த இலையில் மண் இருக்கும், மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். காயத்தை முதலில் சுத்தமான நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். ஆணி குத்தியது போன்ற ஆழமான காயத்தில் இலைச்சாறு விடவே கூடாது. தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்ற மாத்திரைகளோடு

மூலிகையால் வரும் பெரிய விபத்துகளில் பல, மூலிகையின் நஞ்சால் அல்ல, மாத்திரையோடு சேர்ந்ததால் நடக்கின்றன. ஹைபெரிகத்தில் உள்ள ஹைபர்ஃபோரின் ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். விளைவு: கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று செய்தவர் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் உடலில் சீக்கிரமே தீர்ந்துபோகும். மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் விழுங்காதது போல. எச்.ஐ.வி. மருந்துகளின் விஷயத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2000-இல் எச்சரிக்கை விடுத்தது. மூலிகையை நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நொதி பழைய நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மனச்சோர்வு மாத்திரையோடு இதைச் சேர்த்தால் செரட்டோனின் என்ற நரம்புவேதிப்பொருள் எல்லை மீறும். அது தனி ஆபத்து.

நாட்வீட் வேரில் உள்ள எமோடின் பேதியாக்கும். செடியில் ஆக்சாலிக் அமிலமும் உண்டு, ஆகவே சிறுநீரகக் கல் வந்தவர் விலக வேண்டும். குட்ஸு கிழங்கின் ஐசோஃப்ளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யக்கூடியவை. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கும் சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் வீட்டு வைத்தியம் அல்ல.

மிஞ்சிய சக்கையை என்ன செய்வது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. கொதித்த வேர் முளைக்காது. நறுக்கும்போது சிதறிய பச்சைத் துண்டும், கழுவிய நீரில் போன வேர்த் தூளும்தான் முளைக்கும். ஒரு துணியின் மேல் வைத்து நறுக்குங்கள். கழுவுநீரை வடிகட்டி, வடிகட்டியில் நின்றதை ஒடியும்வரை வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். பிரிட்டனில் நாட்வீட் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவதே குற்றம்.